அபாச்சா: இக்போ மக்களின் மரவள்ளிச் சாலட்டை வீட்டில் செய்வது எப்படி?

அபாச்சா என்ற சொல்லை இணையத்தில் தேடினால், 1993 முதல் 1998 வரை நைஜீரியாவைத் தம் பிடியில் வைத்திருந்த படைத்தளபதி சானி அபாச்சாதான் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பார். அவருக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பு இல்லை. நாம் பேசப்போகும் அபாச்சா, நைஜீரியாவின் தென்கிழக்கில் எனுகு, அனம்ப்ரா, இமோ, அபியா, எபோன்யி ஆகிய மாநிலங்களில் வாழும் இக்போ மக்களின் பண்டம். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, நீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்தால் கிடைப்பதற்கு அந்தப் பெயர். அந்தச் சீவலை மறுபடி நனைத்து, செம்பனை எண்ணெயில் செய்த மஞ்சள் குழம்பில் பிரட்டி, புளிக்கவைத்த பயறும் கருவாடும் கீரையும் சேர்த்துப் பரிமாறும் உணவுக்கும் அதே பெயர்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஆப்பிரிக்கன் சாலட்' என்று ஒரு பெயர் வழங்குகிறது. புதிதாகச் செய்பவரை இந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றிவிடும். சாலட் என்றதும் பச்சைக் காய்களை நறுக்கி எலுமிச்சைச் சாறு பிழிந்து வைக்கும் இலேசான தட்டு நினைவுக்கு வருகிறது. அபாச்சாவோ எண்ணெயும் மாவுச்சத்தும் நிறைந்த, வயிறு தாங்கும் பண்டம். சமைத்து முடித்த பின் அடுப்பில் ஏற்றாமல் கலப்பதாலும், அறையின் வெப்பநிலையிலேயே உண்பதாலும்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிற்பகல் நேரத்துச் சிற்றுண்டியாகச் சாலையோரக் கடைகளிலும், திருமணம் போன்ற கூடுகைகளில் விருந்தினர் வந்து அமர்ந்ததும் தரும் தட்டாகவும் இது வழங்கப்படுகிறது. பக்கத்தில் குளிர்ந்த பனங்கள் இருந்தால் இன்னும் சிறப்பு என்பது அந்த ஊர்க்காரர்களின் கட்சி.

செய்முறைக்குள் போகுமுன் கிழங்கைப் பற்றி ஒரு சொல். தென் அமெரிக்காவில் பிறந்த மரவள்ளியை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு சேர்த்தனர். ஆனாலும் இக்போ நிலத்தின் உட்பகுதிகளுக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. அங்கே சேனைவள்ளி இனத்தைச் சேர்ந்த 'ஜி' என்னும் கிழங்குதான் அரசன். அது ஆண்களின் பயிராகவும் பெருமையின் அளவுகோலாகவும் இருந்தது. குறைந்த உழைப்பில் விளையும் மரவள்ளி பெண்களின் பயிராகவே வெகுகாலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1918இல் வந்த இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் உழைக்கும் கைகள் மடிந்த பிறகு, ஆள்பலம் அதிகம் கேட்காத மரவள்ளி நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் விரைந்து பரவியதாக வரலாற்றாய்வு உண்டு. இன்று உலகிலேயே மிகுதியாக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. அபாச்சா அந்தப் பெண்களின் கைப்பக்குவத்திலிருந்து வந்தது. கெட்டுப்போகும் கிழங்கை மாதக்கணக்கில் காப்பாற்றும் வழி அது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாள்களிலேயே உள்ளே நீலக்கோடு விழுந்து பாழாகிவிடும் என்பது அதை வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

இந்த உணவில் தவறவிடக் கூடாத பதங்கள் இரண்டே. ஒன்று, சீவல் ஊறும் பதம். மற்றொன்று, எண்ணெய் திரளும் பதம். மசாலாவில் ஒன்றிரண்டு குறைந்தாலும் அபாச்சா அபாச்சாவாகவே இருக்கும். இந்த இரண்டில் ஒன்று தப்பினால் மற்ற எதுவும் அதைக் காப்பாற்றாது. ஆகவே கட்டுரையின் பெரும்பகுதியை இவ்விரண்டுக்கே ஒதுக்குகிறேன்.

சீவலைத் தயாரித்தல்

ஆப்பிரிக்க மளிகைக் கடைகள் உள்ள நகரங்களில் வசிப்பவர்கள் காய்ந்த அபாச்சாவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு அடுத்த பகுதிக்கு நேராகச் சென்றுவிடலாம். மற்றவர்கள் கிழங்கிலிருந்து தொடங்க வேண்டும். நமக்குக் கிழங்கு கிடைப்பது கடினமில்லை. குச்சிக்கிழங்கு என்றும் ஏழிலைக்கிழங்கு என்றும் கப்பக்கிழங்கு என்றும் ஊருக்கொரு பெயரில் விற்பது இதே பயிர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். காய்கறிக் கடையில் அவித்துத் தின்பதற்கென்று விற்கும் இனிப்பு ரகத்தையே வாங்க வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைக்கும் மாவு ஆலைக்கும் என்றே வளர்க்கப்படும் கிழங்குகளில் கசப்பு ரகங்களும் உண்டு. வயலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை அள்ளிவரக் கூடாது.

காரணம் இதுதான். மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ துருவும்போதோ அதன் செல்கள் உடைந்து, உள்ளேயே இருக்கும் ஒரு நொதி லினமாரினோடு கலக்க, அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக ஹைட்ரஜன் சயனைடு தரக்கூடியதையே இனிப்பு ரகம் என்று பன்னாட்டு உணவுத் தரநிலைகள் வரையறுக்கின்றன. இனிப்பு ரகத்திலும் தோலில்தான் அது மிகுதி. ஆகையால் மேலே உள்ள பழுப்பு நிறத் தோலோடு, அதற்கடியில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும் தடித்த உள்தோலையும் முழுதாக உரித்தெடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கைச் சுவை பார்ப்பதற்குக்கூட வாயில் போட வேண்டாம். அவித்த பிறகும் ஒரு துண்டு நாக்கில் கசந்தால் அந்தக் கிழங்கை முழுதாக ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு கிலோ கிழங்கு வாங்கினால் தோலும் நரம்பும் போக, காய்ந்த சீவலாக ஏறத்தாழ அரைக் கிலோ தேறும். உரித்த கிழங்கை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான துண்டுகளாக வெட்டிக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மேலும் நிறைய நீர் ஊற்றி, மூடியில்லாமல் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம். குழையாமல் வெந்த பதத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டியிருப்பதால் திறந்த பாத்திரமே நல்லது. இருபது நிமிடத்திலிருந்து சோதிக்கத் தொடங்கலாம். கத்தி முனை சிறிது எதிர்ப்போடு உள்ளே இறங்க வேண்டும், துண்டு பிளக்கக் கூடாது. பொரியலுக்கு வேகவைக்கும் உருளைக்கிழங்கைவிட ஒரு படி முன்னதாக இறக்குவது சரியான பதம். வெந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அதை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

இப்போது பொறுமை தேவை. சூடான கிழங்கைச் சீவினால் அது துருவியில் அப்பிக்கொண்டு மசியலாகும். முழுதாக ஆறவிட்டு, முடிந்தால் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மாவுச்சத்து இறுகித் துண்டுகள் கட்டியாகும். பிறகு துண்டை நீளவாக்கில் பிளந்து நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, வாழைக்காய் வறுவல் சீவும் கட்டையிலோ பெட்டித் துருவியின் அகலப் பல்லிலோ நீளநீளமாகச் சீவுங்கள். ஒட்டுத்தாளின் தடிமனும் விரலளவு நீளமும் இருந்தால் போதும். தேங்காய்த் துருவல்போலப் பொடியாகிவிட்டால் பின்னால் ஊறும்போது கரைந்து போகும். எனது முதல் முயற்சியில் கிழங்கை ஆறவிடாமல் சீவி, கடைசியில் அதைத் தாளித்து உப்புமாவாகத்தான் தின்றேன்.

சீவியதை உடனே ஓர் அகன்ற பாத்திரத்தில் நிறைய குளிர்ந்த நீரில் போட்டு அலசுங்கள். முதல் நீர் பால்போல வெளுத்துக் கொழகொழவென்று வரும். அதைக் கொட்டி, நீர் தெளியும்வரை அலசிய பின், புதிய நீரில் இரவு முழுதும், சுமார் பன்னிரண்டு மணி நேரம், ஊறவிட வேண்டும். இடையில் மூன்று முறையாவது நீரை மாற்றுங்கள். வேகவைக்கும்போது நொதி செயலிழந்துவிடுவதால் மிச்சமிருக்கும் லினமாரின் சிதையாமல் கிழங்கிலேயே தங்கிவிடக்கூடும். அது நீரில் கரையும் தன்மையுடையது என்பதால்தான் இந்த ஊறலைத் தவிர்க்க முடியாது. காலையில் இலேசான புளிப்பு மணம் வந்தால் அச்சம் வேண்டாம். வெப்பநாட்டில் அது இயல்பு. அந்த மெல்லிய புளிப்பை விரும்பி உண்பவர்களும் உண்டு.

ஊறி வடிந்த இந்த ஈரச் சீவலை இந்த நிலையிலேயே தேங்காய்க் கீற்றோடோ வறுத்த நிலக்கடலையோடோ கடித்துத் தின்பதும் இக்போ வழக்கம்தான். அதற்கு அபாச்சா ம்மிரி, அதாவது நீர் அபாச்சா, என்று பெயர். எண்ணெய், மசாலா எதுவும் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு கை இதற்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். சாலட்டைவிட இது விரைவாகக் காலியாகும்.

மீதியை வடாம் காயவைப்பதுபோல வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும். முறியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்தது காற்றுப் புகாத டப்பாவில் பல மாதங்கள் கெடாமல் இருக்கும்.

மற்ற பொருள்களும் அவற்றுக்கு மாற்றும்

நான்கு பேருக்கு 300 கிராம் காய்ந்த சீவலும் 150 மில்லிலிட்டர் செம்பனை எண்ணெயும் கணக்கு. எண்ணெயைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயில் அதே எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்து வருவதுதான் என்றாலும், நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. இங்கே தேவைப்படுவது சுத்திகரிக்காத, இரத்தச் சிவப்பான, சற்றே கெட்டியான எண்ணெய். அதன் நிறம் கேரட்டுக்கு நிறம் தரும் அதே கரோட்டின் வகைப் பொருள்களால் வருகிறது. குளிர்காலத்தில் பாதி உறைந்து கிடக்கும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளக்கினால் போதும். இதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன். நல்லெண்ணெய் ஊற்றிச் செய்தால் ஏதோ ஒரு மரவள்ளிப் பிரட்டல் கிடைக்கும், அபாச்சா கிடைக்காது.

அடுத்தது உக்பா. அனம்ப்ரா பக்கம் இதை உக்பாக்கா என்பார்கள். ஆப்பிரிக்க எண்ணெய்ப்பயறு மரத்தின் பெரிய தட்டையான விதைகளைப் பல மணி நேரம் அவித்து, ஓட்டை நீக்கி, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மீண்டும் அவித்து அலசி, இலையில் பொதிந்து சில நாள் புளிக்கவிட்டால் பழுப்பு நிறத்தில் வழவழப்பான உக்பா கிடைக்கும். பச்சை விதை உண்ணத் தக்கதல்ல. இந்த நீண்ட வேலையை வீட்டில் மேற்கொள்வதும் புதியவருக்கு ஏற்றதல்ல. ஆப்பிரிக்கக் கடைகளில் பொட்டலமாகவோ உறைநிலையிலோ கிடைத்தால் ஒரு கோப்பை வாங்கி, வெந்நீரில் ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதன் இடத்தில் வேறு பயறைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் புளித்த மணம் வராது, வெறும் சுண்டலாகத் தெரியும்.

ஓகிரி என்பது விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கு விதையையோ தர்ப்பூசணி இனத்து எகுசி விதையையோ அவித்துப் புளிக்கவைத்துச் செய்யும் சாம்பல் நிறக் களிம்பு. அதன் நாற்றம் பெயர்பெற்றது. ஆனாலும் வீட்டுக்குள் பெருங்காயத்தையும் கருவாட்டையும் வைத்திருப்பவர்கள் நாற்றம் என்று சொல்லி அதைத் தள்ளிவைக்க நியாயமில்லை. ஒரு தேக்கரண்டி கலந்தபின் அந்த வீச்சம் அடங்கி, கறிச்சாற்றின் ஆழம் போன்ற ஒன்று மிஞ்சும். நைஜீரியர் 'கிரேஃபிஷ்' என்று சொல்வது உண்மையில் பொடிப்பொடியான உலர்ந்த இறால். நம் கடைகளில் கிடைக்கும் சென்னாக்கூனி அதற்கு மிக நெருங்கிய மாற்று. இரண்டு மேசைக்கரண்டி அளவு கல் மண் போகப் புடைத்து, வெறும் சட்டியில் இலேசாக வாட்டிப் பொடித்துக்கொள்ளுங்கள்.

எஹுரு என்பது ஜாதிக்காயை நினைவூட்டும் மணமுள்ள ஒரு விதை. ஆனால் அந்த மரம் ஜாதிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று விதைகளை வெறும் சட்டியில் ஓடு வெடிக்கும் அளவுக்கு வறுத்து, ஓட்டை நீக்கி, பருப்பை மட்டும் இடித்துக்கொள்ள வேண்டும். ஜாதிக்காயை மாற்றாகப் போடுவதானால் கால் தேக்கரண்டித் துருவலுக்கு மேல் வேண்டாம். மிளகாய் புதியதாக இருக்கட்டும். எனுகு மாநிலத்தின் ன்சுக்கா ஊரில் விளையும் மணமுள்ள மஞ்சள் மிளகாய் அப்பகுதியில் பெயர்பெற்றது. நமக்கு நன்கு பழுத்த சிவப்பு மிளகாய் இரண்டு போதும்.

கீரை வகையில் கத்தரி இனத்தைச் சேர்ந்த அனாராவின் இளந்தழையும், நூலாக அரிந்த ஒகாஸி இலையும், கசப்பான உட்டாஸி இலையும் வழங்குகின்றன. தழைக்குப் பசலையோ இளம் சிறுகீரையோ போதும். உட்டாஸியின் வேலை எண்ணெயின் திகட்டலை வெட்டுவது. அதற்கு நான்கைந்து வெந்தயக்கீரை இலைகளை மிகப் பொடியாக அரிந்து தூவலாம். அனாராக் காய்கள் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ சிறிய முட்டை அளவில் இருக்கும். பச்சையாகவே வட்டமாக அரிந்து மேலே வைப்பார்கள். மிகப் பிஞ்சான வெள்ளைக் கத்தரிக்காய் கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம், இல்லையேல் பிஞ்சு வெள்ளரி.

மீனில் பொரித்த அயிலையோ புகையூட்டிய மீனோ பொருந்தும். இக்போ வீடுகளில் மிகவும் மதிக்கப்படுவது ஒக்போரோகோ, அதாவது நார்வேயிலிருந்து வரும், உப்பிடாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன். பானையில் சத்தமிடுவது என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கல்போன்ற அந்த மீனைப் பானையில் போட்டால் ஓசை எழாமல் இருக்குமா? இக்போ நிலம் நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது பட்டினியில் வாடியவர்களுக்கு நிவாரணமாக வந்த உணவுகளில் அதுவும் ஒன்று. அதை ஓர் இரவு ஊறவைத்து, வேகவைத்து, நாராகப் பிய்த்துச் சேர்க்க வேண்டும். கண்டா அல்லது போன்மோ எனப்படும் வெந்த மாட்டுத் தோலைத் துண்டுகளாக்கிச் சேர்ப்பதும் வழக்கம், வேண்டாதவர்கள் விடலாம். மீனும் இறாலும் இல்லாமல் செய்தால் உக்பாவும் ஓகிரியும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவையில் பிடிமானம் இருக்காது.

எண்ணெயைத் திரட்டுதல்

இனி இந்த உணவின் உயிர்நிலைக்கு வருவோம். அகான்வு என்பது வட நைஜீரியாவிலும் சாட் ஏரிப் பகுதியிலும் தோண்டி எடுக்கப்படும் ஒரு கார உப்புக்கல் (இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை). ஹௌசா மொழியில் அதற்குக் கன்வா என்று பெயர். வேதியியலில் அது சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் சேர்ந்து படிகமான பொருள். கல் இல்லாத இடத்தில், பழம் உதிர்த்த பனைக்குலையை எரித்த சாம்பலைக் கரைத்து வடித்த ன்கு என்னும் காரநீரைப் பயன்படுத்துவதும் பழைய முறை.

இந்தக் காரநீரைச் செம்பனை எண்ணெயில் விட்டுக் கிளறினால், சிவந்த எண்ணெய் கண்ணெதிரே மஞ்சளாகிக் கெட்டியாகும். சுத்திகரிக்காத எண்ணெயில் தனித்துக் கிடக்கும் கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து மிகச் சிறிய அளவில் சோப்பாக மாறுகின்றன. அந்தச் சோப்பு நீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இப்படித் திரண்ட குழம்புக்கு ன்ச்சா என்று பெயர். இக்போ மொழியில் சோப்புக்கும் ன்ச்சா என்றே பெயர் இருப்பதைப் பார்த்தால், அந்த மக்கள் வேதியியல் புத்தகம் வருவதற்கு முன்பே இந்த உறவைக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மாட்டுக்காலில் செய்யும் ன்க்வோபிக்கும், ஆட்டுத்தலையில் செய்யும் இசி எவுவுக்கும் இதே குழம்புதான் அடிப்படை. ஆக ஒரு பதம் கைவந்தால் மூன்று உணவுகளுக்கு வழி திறக்கும்.

ஒரு தேக்கரண்டி அளவு அகான்வுத் துண்டை இடித்து, 100 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண்ணும் கசடும் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்தெடுத்து, வண்டலைக் கொட்டிவிடுங்கள். எண்ணெயை ஓர் அகன்ற சட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். அடுப்பு வேண்டாம். எண்ணெய் அறையின் வெப்பத்தில் இளகியிருந்தால் போதும். நம் பழக்கத்தில் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும். எண்ணெய் காய்ந்து புகைந்தால் நிறமும் போய் மணமும் மாறிவிடும்.

தெளிந்த காரநீரை முதலில் ஒரு மேசைக்கரண்டி விட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். மஞ்சள் கோடுகள் தோன்றும். அடுத்த கரண்டி, மீண்டும் கிளறல். 150 மில்லிலிட்டர் எண்ணெய்க்குப் பெரும்பாலும் மூன்று நான்கு மேசைக்கரண்டியில் வேலை முடிந்துவிடும். வடித்து வைத்த நீர் முழுவதையும் ஊற்றித் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுதும் பழுத்த மாம்பழச் சதையின் நிறத்தில், கரண்டியில் இருந்து தளர்ந்து விழும் கெட்டியில் வந்ததும் நிறுத்துங்கள். இதற்கு மேல் விடும் ஒவ்வொரு சொட்டும் நாக்கில் சோப்பின் கசப்பாகவே தெரியும், அதைப் பின்னர் எடுக்க வழியில்லை. குறைவாகப் போனால் இன்னும் சிறிது விடலாம். கூடிப் போனால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பது தவிர வேறு வழி இல்லை.

அகான்வு கிடைக்காதவர்கள் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை நான்கு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். காரம் குறைவு என்பதால் ஐந்து நிமிடமாவது கிளற வேண்டியிருக்கும். நிறம் வெளுக்கும், ஆனால் குழம்பு அந்த அளவுக்குக் கெட்டியாகாது. அது போதும். துணி வெளுக்கும் சலவைச் சோடாவையோ காஸ்டிக் சோடாவையோ இந்த இடத்தில் நினைக்கவே கூடாது. எவ்வளவு கிளறியும் நிறம் மாறவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் எண்ணெயில்தான் இருக்கும். சுத்திகரித்த எண்ணெயில் தனித்த அமிலங்கள் அநேகமாக இல்லாததால் திரள்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

ஊறவைத்துக் கலத்தல்

ன்ச்சா தயாராகும் நேரத்தில் சீவல் ஊறிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் வாங்கியதானால் முதலில் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசித் தூசு போக்குங்கள். பிறகு குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிடலாம். சீவல் தடிமனாக இருந்தால் கொதித்திறக்கிய வெந்நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம். கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள். ஒரு சீவலை எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும்; கடித்தால் நடுவில் சிறிது மெல்லும் தன்மை மிஞ்ச வேண்டும். ஊறிய கெட்டி அவலின் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் குழம்போடு சேரும்போது கூழாகும், ஏனென்றால் குழம்பிலுள்ள ஈரத்தையும் அது மேலும் இழுத்துக்கொள்ளும். பதம் வந்ததும் சல்லடையில் கொட்டி, பத்து நிமிடமாவது முழுதும் வடியவிடுங்கள். நீர் சொட்டும் சீவலைக் கலந்தால் திரண்ட எண்ணெய் மறுபடி நீர்த்துவிடும்.

திரண்ட குழம்பில் இடித்த மிளகாய், சென்னாக்கூனிப் பொடி, எஹுருப் பொடி, ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்த ஓகிரி ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். நைஜீரிய அடுக்களைகளில் ஒரு சுவையூட்டிக் கட்டியையும் பொடித்துப் போடுவார்கள். அதைப் போட்டால் உப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். கட்டியிலும் மீனிலும் ஏற்கெனவே உப்பு இருக்கும். பிறகு உக்பாவில் பாதியைச் சேர்த்துப் பிரட்டி, வடிந்த சீவலை இரண்டு தவணையாகப் போட்டு, அடியிலிருந்து மேலாகத் தூக்கிப் புரட்டுங்கள். குத்திக் கிளறினால் சீவல் ஒடியும். கைகளால் கலப்பதே சிறந்தது. மிளகாய் எரிச்சல் தாங்காதவர்கள் இரண்டு மரக்கரண்டிகளைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சீவலிலும் மஞ்சள் பூச்சு ஏறியிருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கக் கூடாது. இந்தக் கட்டத்தில் உப்பைச் சுவைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெதுவெதுப்பாக விரும்புகிறவர்கள் மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் காட்டி இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கீரையில் பாதியைக் கடைசிச் சுற்றில் கலந்து, மீதியை மேலே தூவுங்கள். தட்டில் பரப்பியபின் மீன் துண்டுகள், கண்டா, மீதி உக்பா, வட்டமாக அரிந்த வெங்காயம், அனாராக் காய் அல்லது வெள்ளரி என்று வரிசையாக மேலே அடுக்க வேண்டும். வெங்காயத்தைக் கலவைக்குள் போடாமல் மேலே வைப்பதற்குக் காரணம் உண்டு: எண்ணெய்க்கு நடுவே பல்லில் அகப்படும் அதன் நீர்ச்சத்தும் கரகரப்பும் கலந்துவிட்டால் தொலைந்துபோகும். உட்டாஸிக்குப் பதிலான வெந்தயக்கீரையைச் சிட்டிகை அளவுக்கு மேல் தூவ வேண்டாம். கசப்பு முன்னால் வந்து நிற்கக் கூடாது, வாயைக் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

கலந்த அபாச்சா காத்திருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் உண்டால்தான் மென்மை இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகிச் சீவல் விறைக்கும், எண்ணெயும் உறைந்து படலமாகும். மறுநாள் சூடாக்கினால் குழம்பு பிரிந்து எண்ணெய் தனியாக ஓடும். ஆகையால் விருந்தினர் எப்போது வருவார்கள் என்று தெரியாதபோது, ன்ச்சாவை மசாலாவோடு கலந்து மூடி வைத்துக்கொண்டு, சீவலைக் காய்ந்த நிலையிலேயே விட்டுவையுங்கள். அவர்கள் செருப்பைக் கழற்றும் நேரத்தில் ஊறப்போட்டால், தண்ணீர் கொடுத்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் தட்டு தயாராகிவிடும்.